ஜோடியாக இருந்தால்தான் விலை

மார்ச் 4

தம்பிக்கு,

அன்புள்ள என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். இரண்டு வருஷமாக ஒரு வார்த்தை பேசாத ஆளுக்கு அன்பு எங்கிருந்து வரும் என்று விட்டுவிட்டேன். நீ கோபித்துக்கொண்டு போனாய், நான் கூப்பிடவில்லை. அந்தக் கணக்கு அப்படியே இருக்கட்டும். போனில் பேசியிருக்கலாம். நாம் இருவரும் போனை எடுத்தால் மூன்றாவது வாக்கியத்தில் கத்த ஆரம்பித்துவிடுவோம். அதனால்தான் கடிதம்.

விஷயம் தாத்தாவின் ரிவால்வர்களைப் பற்றியது. அப்பா போன பிறகு ஆளுக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டோம். உன்னுடையதை உன் பெயருக்கு உரிமம் மாற்றி எடுத்துப் போனாய். என் பங்கையும் மரப்பெட்டியையும் துப்பாக்கிக் கடைக்காரர் பாதுகாப்பில் விட்டிருந்தேன். எனக்கு எதற்கு அந்த இரும்பு? துணி வைக்கவே அலமாரியில் இடமில்லை. போன வாரம் அவர் ஆள் அனுப்பினார். இன்னும் எத்தனை நாள் நான் வைத்திருப்பது, விற்கிறீர்களா, காவல் நிலையத்தில் ஒப்படைக்கிறீர்களா என்று கேட்டார். ஒப்படைத்தால் உருக்கிவிடுவார்களாம். கடைக்கே போய், விற்றால் என்ன கிடைக்கும் என்று கேட்டேன். அவர் பெட்டியைத் திறந்து காலியாக இருந்த பள்ளத்தைக் காட்டி, "இதுல இருந்தது எங்கம்மா?" என்றார். தம்பியிடம் இருக்கிறது என்றேன். மனிதருக்கு முகமே மாறிவிட்டது.

அவர் சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறேன். தனியாக என்னுடையதை விற்றால் ஒரு புது தையல் மெஷின் வாங்கலாம். இரண்டும் சேர்ந்து, அந்தப் பெட்டியோடு, அடுத்தடுத்த எண்களோடு இருந்தால் வாங்குவதற்குச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்களாம். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே நாளில் செய்தவையாம். பாதிப் பங்கே எனக்குப் பெரிய தொகை.

எனக்கு ஏன் இப்போது அது வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு வேறு யாராவது சொல்லிக் கேட்காதே. முழங்கால் போய்விட்டது. மூன்றாம் மாடியிலிருந்து இறங்கினால் ஏறுவதற்குப் பாதி நாள் ஆகிறது. பேன்ட் கீழே மடித்துத் தைக்க யாரும் மூன்று மாடி ஏறி வருவதில்லை. தெருவைப் பார்த்த கீழ் அறையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர் காலி செய்கிறார். வீட்டுக்காரர் முன்பணம் கொடுத்தால் எனக்கே தருவதாகச் சொல்கிறார். அந்த அறை கிடைத்தால் நான் பிழைத்துக்கொள்வேன். கிடைக்காவிட்டால் மெஷினை விற்றுவிட்டு யார் வீட்டிலாவது போய் உட்கார வேண்டியதுதான்.

உன்னுடையதை அனுப்புவாயா? விற்ற தொகையில் பாதி உனக்கு. யோசித்து எழுது.

அக்கா


மார்ச் 13

அன்புள்ள அக்காவுக்கு,

பார்த்தாயா, நான் அன்புள்ள போட்டுவிட்டேன். உன்னைவிட நான் நல்லவன் என்பதற்கு இதுவே சாட்சி.

உன் கடிதம் பட்டறைக்கு வந்தது. கையெல்லாம் பாலிஷ் மெழுகு, பிரிக்க முடியவில்லை. உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்று பயந்துபோனேன். இரும்பு விஷயம் என்று தெரிந்ததும் மூச்சு வந்தது.

கோபித்துக்கொண்டு போனதாக எழுதியிருக்கிறாய். சும்மாவா போனேன்? அப்பா போன பிறகு அவர் சாமான்களை நாம் கட்டும்போது அவருடைய சவரக் கண்ணாடி என் கையிலிருந்து நழுவி உடைந்தது உண்மை. நீ என்ன சொன்னாய்? "தொடாதேடா, நீ கை வச்ச எதுவும்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாய். நிறுத்தினால் மட்டும் எனக்குத் தெரியாதா? மீதியை அப்பா என் பத்து வயதிலிருந்து சொல்லி நான் மனப்பாடம் செய்தாயிற்று. நீ கை வச்ச எதுவும் உருப்படாது. ரேடியோவைப் பிரித்தபோது சொன்னார், சைக்கிளுக்குச் சாயம் அடித்தபோது சொன்னார், கல்யாணத்தன்று மாலையை எடுத்து நீட்டியபோதுகூடச் சொன்னார். அவர் சொன்னால் சரி, அவருக்கு அதுதான் பேச்சு. உன் வாயிலிருந்தும் அதே வார்த்தை வந்ததும் எனக்கு அந்த வீட்டில் நிற்கப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான். இதை இதற்கு மேல் இழுக்கவில்லை.

ரிவால்வர் எங்கள் இரும்பு அலமாரியில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை உரிமம் புதுப்பிக்க எடுப்பேன். எங்க வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டு, "இதைக் காட்டி மிரட்டினா திருடன் சிரிப்பான்" என்கிறாள். பொய்யில்லை. கறுப்பும் பழுப்புமாக, ஏதோ சாக்கடையில் கிடந்த குழாய் மாதிரி இருக்கிறது. தாத்தா சம்பளப் பண வண்டிக்குக் காவல் போன காலத்தில் இடுப்பின் இரண்டு பக்கமும் இரண்டையும் தொங்கவிட்டுப் போவார் என்று அப்பா பெருமை அடிப்பாரே, மொத்த வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் சுட்டார், அதுவும் சொந்த வண்டிச் சக்கரத்தில் பட்டது என்பதை மட்டும் மெதுவாகச் சொல்லுவார்.

இதற்கா இவ்வளவு விலை? உன் கடைக்காரர் உன் காதில் பூச்சுற்றவில்லையே? சரி, அனுப்புகிறேன். இங்கே உள்ள கடை மூலமாகத்தான் அனுப்ப வேண்டுமாம், அனுமதிக் கடிதம் வாங்க வேண்டுமாம். அலைந்து வாங்குகிறேன். உனக்கு முழங்கால் இப்படி ஆனது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இரண்டு வருஷம் ஆகியிருக்காது.

தம்பி


மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

சரி, போட்டுவிட்டேன்.

கண்ணாடி விஷயத்தை நீ எழுதியதைப் படித்தேன். நான் பாதியில் நிறுத்தியதே எனக்குக் கொஞ்சம் அறிவு இருந்ததால்தான். முழுதாகச் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாதா? அதற்கு மேல் எழுத எனக்கு வராது.

இங்கே காரியம் நடக்கிறது. கடைக்காரர் ஒரு பல் டாக்டரைக் கூட்டி வந்தார். பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்பவராம். நாள் முழுக்கப் பல்லைப் பிடுங்கிவிட்டுச் சாயங்காலம் துப்பாக்கியைப் பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும்போல. ஆட்டோவில் போய் இறங்கினேன், அந்த ஒரு நாளுக்கு நான்கு நாள் கால் வீங்கியிருந்தது. என்னுடையதைக் கையில் எடுத்து, லென்ஸ் வைத்து, மூக்கில் இடிக்கிற மாதிரி பார்த்தார். காலியாக இருந்த பள்ளத்தை விரலால் தடவினார். பிறகு ஒரு தொகை சொன்னார். கீழ் அறை முன்பணத்தைப் போல இரண்டு மடங்கு. என் பாதியே எனக்குப் போதும். நான் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டேன், உனக்குத் தெரியுமே, துணிக்கடையில் வைத்துக்கொள்வேனே அந்த முகம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வெளியே வந்து படியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். கால் வலியில்தான் என்று ஆட்டோக்காரரிடம் சொன்னேன்.

வீட்டுக்காரர் ஏப்ரல் முழுக்கக் காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு மருந்துக் கடைக்காரரும் அந்த அறையைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதனால் சீக்கிரம் அனுப்பு. சாக்கடைக் குழாய் மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தாய். பெண் பார்க்க வருகிற நாளில் யாராவது எண்ணெய் வடிய நிறுத்துவார்களா? கொஞ்சம் துடைத்து, பார்க்கிற மாதிரி அனுப்பு.

உன் மனைவியைக் கேட்டதாகச் சொல். திருடன் விஷயத்தைப் படித்துச் சிரித்தேன்.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

அனுப்பியாயிற்று. இந்தக் கடிதத்துக்கு ஒரு நாள் முன்னாலோ பின்னாலோ உன் கடைக்காரர் கைக்கு வந்துவிடும். பெட்டியைத் திறக்கும்போது நீ பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. உன் முகத்தை நான் பார்க்க முடியாது, நீயாவது எழுது.

துடைத்து அனுப்பு என்றாய். உன் தம்பி யார்? ஊரில் இருக்கிற குழாய், கதவுக் கைப்பிடி, மோட்டார் சைக்கிள் சைலன்சர் எல்லாவற்றுக்கும் முலாம் போட்டுக் கொடுப்பவன். வீட்டுச் சொத்தைத் துணியால் துடைத்து அனுப்பினால் எனக்கே வெட்கமாக இருக்காதா?

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு லீவு. ஆட்கள் யாரும் இல்லை. உட்கார்ந்து ஒவ்வொரு திருகாகக் கழற்றினேன். பிரிக்க மட்டும் ஒரு காலை ஆயிற்று, எந்தத் திருகு எங்கே என்று பழைய மாத்திரை டப்பாக்களில் போட்டு வைத்தேன். முதலில் துருவை அமிலத்தில் எடுத்தேன். பிறகு சக்கரத்தில் பிடித்தேன், முரட்டுச் சக்கரம், அப்புறம் துணிச் சக்கரம். அந்தப் பழைய கறுப்பு லேசில் போகவில்லை. பக்கவாட்டில் ஏதோ கொடி மாதிரி கீறல் வேலை செய்திருந்தார்கள், அழுக்கு அதற்குள்தான் ஒளிந்திருந்தது. விடவில்லை. கண்ணாடி மாதிரி வரும்வரை பிடித்தேன். பிறகு தாமிரம் ஒரு பூச்சு, அதன் மேல் நிக்கல். தொட்டியிலிருந்து தூக்கும்போது, அக்கா, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உடம்பு சிலிர்த்தது. இருபது வருஷத்தில் நான் போட்டதிலேயே சுத்தமான வேலை. ஒரு புள்ளி இல்லை, ஒரு கொப்புளம் இல்லை. மரப்பிடியையும் இழைத்து வார்னிஷ் அடித்தேன். எங்க வீட்டுக்காரி அதில் முகம் பார்த்துப் பொட்டைச் சரி செய்துகொண்டாள்.

எங்கள் ஊர்க் கடைக்காரர் பெட்டியில் வைக்கும்போது ஒன்றும் பேசவில்லை. வாயடைத்துப் போய்விட்டார் என்று நினைக்கிறேன்.

அப்பா இருந்து இதைப் பார்த்திருக்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம், ஒரு தடவை கையில் வாங்கித் திருப்பிப் பார்த்திருந்தால் போதும். சரி, அவர்தான் இல்லை, நீ பார். பல் டாக்டர் இதற்கு மேலே கேட்பார், விட்டுக்கொடுக்காதே. வேண்டுமானால் உன்னுடையதையும் அனுப்பு, இதே மாதிரி செய்து தருகிறேன், ஜோடி பொருத்தமாக இருக்கும்.

பதில் உடனே போடு.

தம்பி


ஏப்ரல் 11

அன்புள்ள தம்பிக்கு,

வந்து சேர்ந்தது. பத்திரமாக இருக்கிறது. உன் வேலை நன்றாக இருக்கிறது.

ஒரு விஷயம். இதை விற்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றுகிறது. தாத்தா இடுப்பில் கட்டியது, அப்பா பூட்டி வைத்தது, யாரோ ஒரு பல் டாக்டர் வீட்டுச் சுவரில் தொங்குவதற்கா? குடும்பச் சொத்து குடும்பத்தில் இருக்கட்டும். இரண்டையும் என் பெயருக்கே மாற்றிவிடலாம் என்று கடைக்காரரிடம் பேசியிருக்கிறேன். அவரிடமே இருக்கட்டும். இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன், நீ கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். உன்னுடையதைத் திருப்பி அனுப்பச் சொல்லாதே, அனுமதி வாங்கும் அலைச்சல் உனக்கு மறுபடியும் வேண்டாம்.

கீழ் அறையைப் பற்றிக் கவலைப்படாதே. கால் இப்போது பரவாயில்லை.

அக்கா


ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன், எங்க வீட்டுக்காரி ஒரு முறை படித்தாள். எழுதியது நீதானா என்று சந்தேகம்.

மார்ச்சில் "எனக்கு எதற்கு அந்த இரும்பு" என்று எழுதியவள் ஏப்ரலில் குடும்பச் சொத்து என்கிறாள். அப்பாவின் பழைய சட்டைகளை அவர் போன மறு வாரமே வெட்டிப் பை தைத்து விற்றவள் நீ. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை, நல்ல பைகள். ஆனால் உனக்குத் திடீரென்று தாத்தா பாசம் பொங்குகிறது என்றால் நான் நம்ப வேண்டுமா? பல் டாக்டர் என்ன சொன்னார்? அதை ஏன் எழுதவில்லை? என் வேலையைப் பற்றி நான் ஒன்றரைப் பக்கம் எழுதினேன், நீ நான்கு வார்த்தை எழுதியிருக்கிறாய். உன் கடைக்காரர்கூட ஒன்றும் சொல்லவில்லையா?

படியில் உட்கார்ந்து அழவைத்த கால் மூன்றே வாரத்தில் பரவாயில்லையா?

தாளில் கையெழுத்துப் போடவில்லை. முதலில் நடந்ததை எழுது.

தம்பி


ஏப்ரல் 24

தம்பிக்கு,

நடந்தது ஒன்றுமில்லை. பல் டாக்டருக்குக் கொஞ்சம் பண முடை. இப்போதைக்கு வாங்கவில்லை என்று சொல்லிவிட்டார். சந்தையும் சரியில்லையாம். வேறு ஆளைத் தேடி நான் அலைய முடியாது. அதனால்தான் வைத்துக்கொள்ளலாம் என்றேன். பாசம் கீசம் எல்லாம் நானாகச் சேர்த்தது, அதை விட்டுவிடு.

உன் வேலையைப் பற்றி நான்கு வார்த்தை எழுதினேன் என்கிறாய். நான் என்றைக்கு யாரைப் பற்றி ஐந்து வார்த்தை நல்லதாக எழுதியிருக்கிறேன்?

தாளில் கையெழுத்துப் போடு. பேச்சை இதோடு முடித்துக்கொள்ளலாம்.

அக்கா


ஏப்ரல் 30

அக்காவுக்கு,

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே. பல் டாக்டருக்கே பண முடை என்றால் ஊரில் யாரும் சோறு சாப்பிடவில்லை என்று அர்த்தம்.

எங்க வீட்டுக்காரியின் சித்தப்பா மகன் போன புதன்கிழமை உன் தெரு வழியாகப் போயிருக்கிறான். கீழ் அறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்களாம், புதுக் கதவு போட்டிருக்கிறார்களாம். உன்னைப் பார்க்கலாம் என்று மேலே ஏறி வந்து கதவைத் தட்டினானாம், நீ திறக்கவில்லையாம். நீ கீழே குடிவரும் நாளன்றுதான் எனக்குச் சொல்வாயா, இல்லை அப்போதும் சொல்ல மாட்டாயா?

எனக்கு இப்போது எல்லாம் புரிகிறது. விற்றுவிட்டாய். ஜோடியாக, பெட்டியோடு, பேசிய விலைக்கு. என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அதனால்தான் தாள், அதனால்தான் தாத்தா, அதனால்தான் சந்தை சரியில்லை. பாதி கேட்பேன் என்று பயந்தாயா? நீ வாய் திறந்து, முழுதும் எனக்கே வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் கொடுத்திருப்பேன். என் வேலைக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுக் கேட்டிருந்தால் கடன் வாங்கிக் கொஞ்சம் சேர்த்தும் கொடுத்திருப்பேன்.

அப்பா என்னை உருப்படாதவன் என்றார். நேருக்கு நேர் சொன்னார், முதுகுக்குப் பின்னால் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. நீ செய்ததற்குத் திருட்டு என்றுதான் பெயர். இந்த வார்த்தையை எழுத எனக்குக் கை கூசுகிறது, இருந்தாலும் எழுதிவிட்டேன்.

தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கிழித்துத்தான்.

தம்பி


மே 6

தம்பிக்கு,

கிழித்த தாள் கிடைத்தது. ஒட்டிப் பார்த்தேன், ஒரு துண்டு குறைகிறது. எதையும் முழுதாகச் செய்ய மாட்டாய்.

திருடி என்று எழுதிவிட்டாய். அதோடு விட்டுவிடலாம் என்றுதான் இரண்டு நாள் இருந்தேன். திருடி என்றே இருக்கட்டும், அவன் மனசு நோகாமல் இருந்தால் சரி என்று பெரிய தியாகி மாதிரி நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் தியாகி இல்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

நீ அனுப்பிய பெட்டியை நான் பக்கத்தில் இருக்கும்போதுதான் திறந்தார்கள். நீ ஆசைப்பட்ட மாதிரியே. பல் டாக்டரும் இருந்தார். துணியைப் பிரித்ததும் அந்தக் கடைக்குள் வெளிச்சம் போட்ட மாதிரி இருந்தது. யாரும் வாயைத் திறப்பதற்கு முன்னால் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறான் என்றுதான் தோன்றியது. பெருமையாக இரண்டு பேர் முகத்தையும் பார்த்தேன். பல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். கடைக்காரர், "ஐயோ, யாரும்மா இதைச் செஞ்சது?" என்றார்.

தம்பி, அந்தப் பழைய கறுப்புக்குத்தான் விலை. அந்தக் கொடி வேலைக்குத்தான் விலை. கம்பெனி முத்திரை, அடுத்தடுத்த எண், தாத்தா கை பட்டுத் தேய்ந்த மரப்பிடி, எல்லாம் அப்படியே கிடந்தால்தான் அது நூறு வருஷச் சாமான். நீ சக்கரத்தில் பிடித்ததில் கொடி போய்விட்டது, முத்திரை போய்விட்டது, எண்ணை லென்ஸ் வைத்துச் சாய்த்துப் பார்த்தால் ஏதோ தெரிகிறது. அவர்களுக்கு அது இப்போது பளபளப்பான ஒரு பொம்மை. என்னுடையதற்கும் ஜோடி இல்லாமல் போய்விட்டது. பல் டாக்டர் நல்ல மனிதர், ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "உங்க தம்பி நல்லா வேலை தெரிஞ்சவர்" என்று மட்டும் சொல்லிவிட்டு, லென்ஸைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கீழ் அறைக்கு வெள்ளையடிப்பது மருந்துக் கடைக்காரர். ஏப்ரல் முடிவதற்குள் என்னால் முடியாது என்று வீட்டுக்காரரிடம் நானே சொல்லிவிட்டேன். புதன்கிழமை நான் கதவைத் திறக்காதது, எழுந்து கதவுவரை வருவதற்குள் உன் மனைவியின் சித்தப்பா மகன் இறங்கிப் போய்விட்டதால். அவனுக்கு என்ன அவசரமோ.

இதை ஏன் முதலிலேயே எழுதவில்லை என்று கேட்பாய். உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் கடையில் உட்கார்ந்திருந்தேன். இருபது வருஷத்தில் சுத்தமான வேலை என்று எழுதியிருந்தாய். அப்பா பார்த்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். அதற்குப் பதிலாக, நீ கெடுத்துவிட்டாய் என்று நான் எழுத வேண்டுமா? அன்றைக்குக் கண்ணாடி உடைந்தபோது பாதியில் நிறுத்திய வாக்கியத்தை இப்போது முடித்து வைக்க வேண்டுமா? எனக்குக் கை வரவில்லை. துடைத்து அனுப்பு, பார்க்கிற மாதிரி அனுப்பு என்று எழுதியவளும் நான்தான். கடைக்காரர் அதற்கு முன்பே, "அப்படியே வரட்டும், யாரும் தொட வேண்டாம்" என்று என்னிடம் சொல்லியிருந்தார். தொட வேண்டாம் என்ற வார்த்தையை உனக்கு எழுத எனக்குப் பயமாக இருந்தது. மறுபடியும் கோபித்துக்கொண்டு போய்விடுவாய் என்று விட்டுவிட்டேன். அதுவே வினையாக முடிந்தது.

தாள் கேட்டது, உன்னுடையது திரும்ப உன் கைக்கு வந்தால் நீ அங்கே யாரிடமாவது காட்டி விலை கேட்பாய், அவன் சொல்லிவிடுவான் என்பதற்காகத்தான்.

இப்போது எல்லாம் எழுதியாயிற்று. உனக்கு வருத்தமாக இருந்தால் இருக்கட்டும். நீ திருடி என்று எழுதியபோது எனக்கும் இருந்தது.

அக்கா


மே 13

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். உன்னுடையதை, பெட்டியோடு, பல் டாக்டருக்கே கொடுத்துவிடு. தனியாக என்ன தருகிறாரோ அது முழுதும் உனக்கு. இதில் பேச்சு வேண்டாம். கீழ் அறை போனது போனதுதான், அந்த மருந்துக் கடைக்காரர் நன்றாக இருக்கட்டும். உன் தெருவிலோ பக்கத்துத் தெருவிலோ தரையோடு இருக்கிற வேறு அறை ஏதாவது காலியாகிறதா என்று எங்க வீட்டுக்காரியின் சித்தப்பா மகனைத் தேடச் சொல்லியிருக்கிறேன். கதவைத் தட்டிவிட்டு ஓடி வந்ததற்கு அவனுக்கு அதுதான் தண்டனை. முன்பணத்துக்கு நீ விற்றது போகக் குறைவதை நான் பார்த்துக்கொள்கிறேன். உடனே முடியாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான். உனக்குப் பிடிக்காது என்று தெரியும். பிடிக்காமலே வாங்கிக்கொள்.

என்னுடையதை எனக்கே திருப்பி அனுப்பு. யார் என்ன சொன்னாலும் நான் வெட்கப்படப் போவதில்லை. செய்திருக்கக் கூடாத வேலை, ஆனால் நல்ல வேலை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது என்பார்களே, என்னுடையது அதைவிட மோசம். இருந்த பிள்ளையாரையே சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கண்ணாடி பதித்திருக்கிறேன்.

இனி உன் கடிதத்தைப் பற்றி. பட்டறையில் நின்றுகொண்டேதான் படித்தேன், உட்காரவில்லை. எங்க வீட்டுக்காரி மதியச் சாப்பாடு கொண்டு வந்திருந்தாள். படித்து முடித்து அவளிடம் நீட்டினேன். அவள் படித்துவிட்டு, நான் எதையாவது தூக்கிப் போட்டு உடைப்பேன் என்று தொட்டிப் பக்கமாக வந்து மறைத்து நின்றாள். அவளுக்கு அப்பாவைப் பற்றித் தெரியும், அந்த வார்த்தையைப் பற்றித் தெரியும். நான் கைகழுவிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். "என்னங்க, சிரிக்கிறீங்க?" என்றாள். நான் சிரித்தது எனக்கே தெரியாது.

எனக்கு நிம்மதியாக இருந்தது, அக்கா. அவளிடம் சொல்லத் தெரியவில்லை, உன்னிடம் சொல்கிறேன். அந்தக் கடிதத்தைப் போஸ்ட் பண்ணிய நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. திருடி என்று எழுதிவிட்டேனே என்பதுகூட அப்புறம்தான். ஒருவேளை அது உண்மையாக இருந்தால் என்ன செய்வது என்பதுதான் போட்டு அரித்தது. அப்பா இல்லை, அம்மா எப்போதோ போய்விட்டாள். நான் கையிலிருந்து எதைக் கீழே போட்டாலும் முதலில் திட்டி, பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து கூட்டியவள் நீ மட்டும்தான். அந்த ஆளும் பொய் என்றால் எனக்கு இதுவரை நடந்தது எல்லாமே பொய் என்று ஆகிவிடும். இப்போது உண்மை தெரிந்துவிட்டது. கெடுத்தது நான்.

நான் கெடுத்தவன் என்றால் அது எனக்குப் பழகின விஷயம், பிழைத்துக்கொள்வேன். நீ ஏமாற்றுக்காரி என்றால் நான் வேறு அக்காவுக்கு எங்கே போவேன்?

தம்பி